ஈரத்தில் நிறம் பார்க்காதே

குமரேசா, நீ நின்ற இடத்தில் இன்றைக்குப் புதிதாக இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருத்தன் வந்தவாசி. இன்னொருத்தன் தெள்ளார், உன் ஊர்க்காரன். நூலைச் சாயத்தில் புரட்டிப் போடுகிற உன் கோலை எடுத்து, அது யாருடையது என்று தெரியாமல் நனைத்துக்கொண்டிருக்கிறான். வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. விட்டுவிட்டேன். கோல் வேலைக்குத்தானே இருக்கிறது. ஆனால் உன் கதையைச் சொல்லாமல் அவர்களைத் தொட்டிப் பக்கம் விட எனக்கு மனசு வரவில்லை.

தம்பிங்களா, இதை நம்ம ஆரணி சாயக்காரர்கள் குரூப்பில் போடுவதற்காக எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். பணி அனுபவம் என்றால் வேலையை முடித்து உட்கார்ந்த பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனாலும் நம்ம பட்டறையில் பழைய ஆள் என்று இப்போது நான் ஒருத்தன்தான் இருக்கிறேன். இருந்த இன்னொருத்தன் போய்விட்டான். தண்ணீர் எத்தனை சூடு, தூள் எவ்வளவு என்பதை எல்லாம் முதலாளியே உங்களுக்குக் காட்டுவார். அவர் காட்டாததை நான் சொல்கிறேன்.

குமரேசன் எனக்கு முதலில் கூட வேலை செய்கிறவன். அப்புறம் சிநேகிதன். அப்புறம் என் தங்கச்சி ரேவதியைக் கட்டிக்கொண்டு மச்சான். என்னைவிட ரெண்டு வயசு பெரியவன். நான் அவனை மச்சான் என்பேன், அவனும் என்னை மச்சான் என்பான். முதலாளி எங்களில் யாரைக் கூப்பிட்டாலும் ரெண்டு பேரும் திரும்புவோம்.

நிறம் பார்ப்பதில் அவனுக்கு ஒரு தனிக் கண். ஒரு தடவை கல்யாணச் சேலைக்கு அரக்கு நிறம் கேட்டு ஒரு தறிக்காரர் வந்து தலைமேல் நின்றார். நூல் தொட்டியிலிருந்து வெளியே வந்த வேகத்தில், அவர் கொண்டுவந்த மாதிரித் துண்டை ஒட்டிப் பார்த்தேன். அப்படியே இருந்தது. எடுத்துக்கொண்டு போங்க என்று நீட்டிவிட்டேன். குமரேசன் நடுவில் வந்து பிடுங்கினான்.

"ஈரத்துல கலர் பாக்காத மச்சான். ஈரத்துல எல்லாம் அழகாத்தான் இருக்கும்."

ஒரு இழையைப் பிழிந்து, விசிறி, வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தான். காய்ந்ததும் நிறம் வெளுத்துவிட்டது. மாதிரித் துண்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தறிக்காரருக்கு நேரம் போகிறதே என்று கோபம். குமரேசன் அவரிடம் சாதாரணமாகச் சொன்னான்: "ஜல்தி ஜல்தின்றீங்கண்ணே. பொண்ணு மணமேடையில சேலை ஒரு கலரு, ரவிக்கை ஒரு கலருன்னு நின்னா, போட்டோவுல உங்க ஜல்தியா தெரியும்?" அவர் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனார். நாங்கள் திரும்பவும் தொட்டியில் இறக்கினோம்.

இப்போது எங்கள் தப்பைச் சொல்கிறேன். இது நம்ம தொழில்காரர்களுக்கு மட்டும் வருகிற தப்பு. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் கையைப் பாருங்கள். ஒரு மாசத்தில் அது உங்கள் கையாக இருக்காது. நகம், ரேகை, முழங்கை எல்லாம் நிறம் ஏறிவிடும். மூக்கைச் சிந்தினால் நிறம். துப்பினால் நிறம். குளித்தால் பாத்ரூம் தரை எல்லாம் நிறம். கொஞ்ச நாளில், உடம்பிலிருந்து என்ன நிறம் வந்தாலும் நமக்குப் பயம் வராது. மற்ற ஜனங்கள் பதறுகிற இடத்தில் நாம் சிரிப்போம்.

ஒருநாள் டீ குடிக்கும்போது குமரேசன் சொன்னான், ரெண்டு மூணு நாளாகவே வெளிக்குப் போவது தார் மாதிரி கருப்பாக இருக்கிறது என்று. "போன வாரம் கருப்பு போட்டமில்ல, உள்ளயும் ஏறிக்கிச்சி மச்சான்" என்றான். அப்படியானால் உன்னையே தொட்டியில் முக்கி எடுத்துவிடலாம், தூள் மிச்சம் என்று நான் கேலி செய்தேன். அவ்வளவுதான் பேசினோம். சீக்கிரம் களைத்துப்போனான், ஆவியில் நிற்கிறோம் அல்லவா, அதனால் என்றோம். கால் வீங்கியது, நாளெல்லாம் நிற்கிறோம், அதனால் என்றோம். வயிறு முன்னால் வந்தது, ரேவதி சமையல் என்றோம். கண்ணில் மஞ்சள் ஏறியிருந்ததற்கு மட்டும் எங்களிடம் சாக்கு எதுவும் இல்லை. ஆனால் பட்டறை இருட்டிலும் ஆவியிலும் அதை யாரும் பார்க்கவில்லை.

அப்புறம் ஒருநாள் மத்தியானம் மறுபடியும் அரக்குதான் போட்டுக்கொண்டிருந்தோம். தொட்டியைக் கவிழ்த்துவிட்ட நேரம். தரை, சாக்கடை எல்லாம் செக்கச் செவேல் என்று இருந்தது. குமரேசன் ஓரமாகப் போய்க் குனிந்து வாந்தி எடுத்தான். காலையில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று கையை ஆட்டினான். சிவப்பில் சிவப்பு விழுந்தது. யாருக்கு என்ன தெரியும்? நான் குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்துவிட்டேன். சாயம் எல்லாம் ஓடிப்போய்த் தரை வெளுத்தது. ஆனால் சாக்கடை ஓரத்தில் மட்டும் கொஞ்சம் ஓடாமல் நின்றது. இன்னும் அழுத்தி அடித்தேன். அசைந்தது, ஓடவில்லை. கட்டி கட்டியாக, ஜெல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

சாயம் கட்டி ஆகாது, தம்பிங்களா.

நான் அவனைப் பார்த்தேன். அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "மச்சான், அது நான்தான்" என்றான். சொல்லிவிட்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஆட்டோவில் நம்ம ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே பாட்டில் ஏற்றி, ஆம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். ரேவதி வயிற்றில் பிள்ளையோடு கூடவே ஏறிக்கொண்டாள். வேண்டாம் என்றதற்கு என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு. வந்ததும் குடிப்பாரா என்று கேட்டார். அவன் குடிக்கவே மாட்டான், சோடா குடித்தாலே கண்ணில் தண்ணீர் வரும் என்று நான் சத்தம் போட்டேன். அவர் கோபப்படவில்லை. எல்லோரையும் கேட்கிற கேள்விதான் என்றார். பிறகு ரத்தத்தைச் சோதித்ததில், மஞ்சள் காமாலைக் கிருமியில் பி என்று ஒரு வகை இருக்கிறதாம், அது பல வருஷமாக உள்ளே இருந்து கல்லீரலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கி இறுக வைத்துவிட்டது என்று தெரிந்தது. பிறக்கும்போதே வந்திருக்கலாம் என்றார்கள்.

ரத்தம் ஏன் வாயில் வருகிறது என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். கையை மடக்கி விரித்துக் காட்டிச் சொன்னார். நாம் சாப்பிடுவதை எடுத்துக்கொண்டு குடலிலிருந்து கிளம்புகிற ரத்தம் எல்லாம் கல்லீரல் வழியாகத்தான் போக வேண்டும். கல்லீரல் இறுகிப்போனால் வழி அடைபடும். ரத்தம் நிற்காது, பக்கத்து வழிகளில் புகுந்து போகும். தேர் ஓடுகிற அன்றைக்கு நம்ம ஊரில் பஸ்ஸை எல்லாம் சந்தில் திருப்பிவிடுவார்களே, அப்படி என்று எனக்குப் பட்டது. சந்து பஸ்ஸுக்குப் போட்டதா? சாப்பாடு இறங்குகிற குழாயின் சுவரில் இருக்கிற சின்ன நரம்புகள் அந்த வேகத்தைத் தாங்காமல் புடைத்து, ஒன்று வெடித்துவிட்டது. அதை வாய் வழியாக ட்யூப் விட்டு ரப்பர் வளையம் போட்டுக் கட்ட வேண்டும். கட்டுகிற டாக்டர் வர நேரம் ஆகும். அதுவரைக்கும் பிடித்து நிறுத்த ஒரு மருந்து இருக்கிறது.

அந்த மருந்தை நான் பார்த்தேன். என் சுண்டு விரல் உயரத்துக்கு ஒரு பாட்டில். அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் தூள். தொட்டிக்குப் போடுகிற தூளில் ஒரு சிட்டிகைகூட இருக்காது. இதுவா இவ்வளவு பெரிய ஆளை நிறுத்தப்போகிறது என்றுதான் நினைத்தேன். என் மூஞ்சியைப் பார்த்தே அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நம்ம மூளையே இது மாதிரி ஒன்றைச் சுரக்கிறதாம், ரத்தக் குழாயை இறுக்குவதற்காக. அதைப் பார்த்துத்தான் இதைச் செய்திருக்கிறார்கள். புரதத்தில் ஒரு துண்டு. மணி கோத்த மாதிரி, மொத்தமே ஒரு டஜன் மணி. "முன்னாடி இருக்கற மூணு மணி பூட்டு மாதிரி. உடம்பு அதை ஒண்ணொண்ணா உருவினாத்தான் மருந்து வேலை செய்யும். அதனால மெதுவா, ரொம்ப நேரம் நிக்கும்" என்றார்.

யார் உட்கார்ந்து அந்த மூணு மணியைக் கோத்தார்கள் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். உடம்பே உருவிக்கொள்ளும் என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

ஊசி போட்டார்கள். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவன் முகத்திலிருந்து நிறம் இறங்கியது. நெற்றியில் ஆரம்பித்து, கன்னம், உதடு. ஏற்கனவே ரத்தம் போய் வெளுத்தவன்தான், அதற்கும் கீழே போனான். சாயம் காணாத பட்டு இருக்குமே, அந்த வெள்ளை. பத்து வருஷத்துக்கு மேல் நிறம் ஏற்றியவன் நான். இப்படி ஒரு ஆள்மேலிருந்து நிறம் இறங்கிப் பார்த்ததில்லை. போய்விட்டான் என்று நினைத்து அந்த அம்மாவின் கையைப் பிடித்துவிட்டேன். "பயப்படாதீங்க. மருந்து பிடிக்குது" என்றார். தோலில் இருக்கிற குழாய்களும் இறுகுவதால் அப்படி வெளுக்குமாம். உள்ளே குடலுக்குப் போகிற குழாயும் இதே மாதிரி இறுகி, அடைபட்ட வழிக்கு வருகிற ரத்தம் குறையும். வெளியே தெரிகிற வெளுப்பைப் பார்த்து உள்ளே நடப்பதைப் புரிந்துகொண்டேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சாமி கும்பிடும்போதுகூட எனக்கு அப்படி வந்ததில்லை. வாந்தி நின்றது.

அப்புறம்தான் கஷ்டம் வந்தது. அடுத்த ஊசிக்கு வந்த சிஸ்டர் அவன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஊசியைப் போடாமல் அந்த அம்மாவைக் கூப்பிட்டார். விரல் நுனி எல்லாம் நீலம். ஆக்சிஜன் பார்க்க விரலில் மாட்டுகிற கிளிப்பும் எதையும் காட்டவில்லை. அந்த அம்மா எங்களிடம் மறைக்காமல் சொன்னார். இந்த மருந்து குடலுக்குப் போகிற குழாயை மட்டும் இறுக்காது, கொஞ்சம் எல்லாவற்றையும் இறுக்கும். விரலுக்கும் இதயத்துக்கும் ரத்தம் போகாமல் பண்ணிவிடலாம். அப்படி ஆகியிருந்தால் இப்போதே நிறுத்த வேண்டும். நிறுத்தினால், கட்டுகிற டாக்டர் வருவதற்குள் திரும்பவும் ரத்தம் கக்கலாம். அந்தத் தடவை தாங்குவாரா என்று சொல்ல முடியாது.

"இது உங்க சாயமா, இல்ல உடம்பு நீலமா?" என்று என்னைக் கேட்டார்.

சிஸ்டர் ஸ்பிரிட் வைத்துத் துடைத்ததில் விரல் எல்லாம் ஈரமாகப் பளபளவென்று இருந்தது. அன்றைக்குப் போட்ட அரக்கு போயிருந்தது. முந்தின நாள் நீலமும் போட்டிருந்தோம், நின்றது அதுதானா என்று தெரியவில்லை. ரேவதி என்னைப் பார்த்தாள். எல்லாம் சாயம்தான் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அது சாயமாக இருக்க வேண்டும், மருந்து நிற்கக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

கண்ணை மூடிப் படுத்திருந்தவன் பேசினான். நாக்கு ஒட்டிக்கொண்டு வார்த்தை சரியாக வரவில்லை.

"ஈரத்துல பாக்காத மச்சான்."

அவர் என்ன சொல்கிறார் என்று அந்த அம்மா கேட்டார். நான் சொன்னேன். அவர் ஜன்னலைக் காட்டினார். அப்புறம் சிஸ்டரும் நானும் கட்டிலைத் தள்ளி ஜன்னல் ஓரம் கொண்டுபோனோம். சாயங்கால வெயில் நேராக விழுந்தது. விரலைத் துணியில் ஒற்றி, காய விட்டோம். வெயிலில் நன்றாகத் தெரிந்தது. நீலம் ரேகையிலும் நக ஓரத்திலும் கோடு கோடாகத்தான் நின்றது. கோட்டுக்கு நடுவில் தோல் வெளுப்பு. அந்த அம்மா கட்டை விரல் நகத்தைச் சுரண்டிச் சுத்தம் பண்ணி, அழுத்திப் பிடித்து விட்டார். நகம் வெள்ளையாகி, மெதுவாக, ரொம்ப மெதுவாக, ரோஸ் நிறம் திரும்பியது.

"வருது" என்றார் அந்த அம்மா.

சாயம் அழுத்தினாலும் நகராது. ரத்தம் போய்விட்டு வரும். எனக்கு மூச்சு வந்தது. முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் குமரேசன் விடவில்லை.

"கால்ல ஒரு கட்டு இருக்குது மேடம். அதுக்குள்ள சாயம் போயிருக்காது. அதை அவுத்துப் பாருங்க."

இடது கால் சுண்டு விரலில் புண் என்று நாலைந்து நாளாகப் பிளாஸ்திரி சுற்றி, மேலே ப்ளாஸ்டிக் கட்டிக்கொண்டு வேலை செய்தான். நானே மறந்திருந்தேன். அவன் உடம்பில் சொந்த நிறம் மிச்சம் இருந்தது அந்த ஒரு விரலில்தான். அதைக் காட்டினால் மருந்து நின்றுபோகலாம் என்று அவனுக்குத் தெரியும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தான். நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"பொய்க் கலரைப் பாத்து எப்டி மச்சான் ஊசி போடுவாங்க? நான் புள்ள மூஞ்சியப் பாக்கணும். கட்டை அவுத்துக் காட்டு."

அவிழ்த்தேன். விரல் சில்லென்று இருந்தது. லேசாக, கத்தரிப்பூவில் தண்ணீர் கலந்த மாதிரி ஒரு நிறம். அந்த அம்மா அழுத்தினார். வெள்ளையானது. திரும்பி வர ரொம்ப நேரம் எடுத்தது. எல்லோரும் அந்தச் சின்ன விரலையே பார்த்துக்கொண்டு நின்றோம். வந்தது, ஆனால் பாதிதான் வந்தது.

நிறுத்துவதா, போடுவதா? அந்த அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். ரெண்டு பக்கமும் பள்ளம். நெஞ்சுக்கு ஒயர் மாட்டிப் படம் எடுத்துப் பார்த்தார், இதயம் சரியாக இருந்தது. அளவைப் பாதியாகக் குறைத்துப் போடச் சொன்னார். காலைத் துணி சுற்றிச் சூடாக வைத்துக்கொண்டு, விரலை அடிக்கடி அழுத்திப் பார்த்துக்கொண்டே இருக்கும்படி என்னிடம் சொன்னார். கட்டுகிற டாக்டருக்கு அவரே போன் போட்டு, காத்திருக்க முடியாது, இப்போதே வாங்க என்று சண்டை மாதிரி பேசினார். நான் அந்த விரலை அழுத்துவதும் விடுவதுமாக உட்கார்ந்திருந்தேன். அந்த டாக்டர் வந்து, உள்ளே கொண்டுபோய், வளையம் போட்டுக் கட்டிவிட்டு வெளியே வரும்வரைக்கும் அவன் ரத்தம் கக்கவில்லை. விரலும் அப்புறம் தேறிவிட்டது.

அதற்கு அப்புறம் குமரேசன் பட்டறைக்கு வரவில்லை. வீட்டில்தான் இருந்தான். மெலிந்துபோனான், வயிறு மட்டும் பெரிசு. தெருவில் சிலபேர் குடித்துக் கெடுத்துக்கொண்டான் என்று பேசினார்கள். நான் சட்டையைப் பிடிக்கப் போனேன். அவன்தான், விடு மச்சான், பேஜார் பண்ணாத, அவங்களும் ஈரத்துல பாக்குறாங்க என்று சிரித்தான்.

பெண் பிள்ளை பிறந்தது. அவனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். அவன் கையில் அப்போது சாயமே இல்லை. அத்தனை வருஷத்தில் அவன் சொந்தக் கையை நான் பார்த்தது அப்போதுதான். பிள்ளையை மடியில் வைத்தோம். அவன் பிள்ளை முகத்தைப் பார்த்தான், காதைப் பார்த்தான், அப்புறம் அந்தப் பிஞ்சு விரலைப் பிரித்து, நெல் மூக்கு அளவுக்கு இருக்கிற நகத்தைத் தன் நகத்தால் லேசாக அழுத்தி விட்டான். வெளுத்தது. நாங்கள் கண்ணை இமைப்பதற்குள் சிவப்பு பாய்ந்து வந்தது.

"வருது மச்சான். ஜல்தியா வருது."

கொஞ்ச நாளில் அவனுக்குச் சிறுநீரகமும் கெட்டது. அதே மருந்தைக் கேட்டேன். கொடுத்தார்கள், இந்தத் தடவை மெதுவாகச் சொட்டுச் சொட்டாக. சிறுநீரகத்துக்கும் அது உதவுமாம். முகம் மறுபடியும் வெளுத்தது. ஆனால் இந்தத் தடவை உள்ளே பிடிக்கவில்லை, குமரேசன் போய்விட்டான். மருந்தைக் குறை சொல்ல என்னால் முடியாது. ஒரு டஜன் மணி அவனைப் பிள்ளை முகம் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது. அதற்கு மேல் நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

ரேவதிக்கு அந்தக் கிருமி இல்லை, ஊசி போட்டுக்கொண்டாள். பிள்ளைக்குப் பிறந்த அன்றைக்கே போட்டுவிட்டார்கள். நீங்களும் ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், தம்பிங்களா. கருப்பாகப் போனால் அது உள்ளே கசிகிற ரத்தம், சாயம் என்று சிரிக்காதீர்கள், அன்றைக்கே என்னிடம் வந்து சொல்லுங்கள். தரையில் கட்டியாக எது நின்றாலும் தண்ணீர் அடிக்காமல் என்னைக் கூப்பிடுங்கள். நான் வேலையை அப்படியே போட்டுவிட்டு வருவேன்.

தெள்ளார்த் தம்பி, அந்தக் கோல் உன்னிடமே இருக்கட்டும். அது குமரேசனுடையது.

இதைப் படிக்கிற எல்லோரும் அவனுக்காக ஒரு தடவை வேண்டிக்கொள்ளுங்கள். கோயிலோ, மசூதியோ, சர்ச்சோ, நம்ம பக்கத்துத் திருமலைச் சமணர் கோயிலோ, எங்கே போனாலும் சரி. சாமி பேர் எதுவாக இருந்தாலும் சரி, அவன் பேர் குமரேசன் என்று சொல்லுங்கள். கையைக் கூப்பும்போது சாயக் கையாக இருந்தால் கழுவ வேண்டாம், அப்படியே கூப்புங்கள். அவனுக்கு அடையாளம் தெரியும்.